தகப்பன் பூமியில் மகளுக்குப் பங்கு: மோசேயின் சட்டம் முதல் பத்திர ஆபீஸ் வரை

(வேலம்பாளையத்தில் பனியன் தொழிலாளர்களிடையே கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



"மதச் சட்டங்களில் பெண்ணின் நிலை" என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். கடல் போன்ற விஷயம். ஷிப்ட் முடிந்து வந்து, வீட்டில் உலை வைக்காமல் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக் கொள்கிறேன். தகப்பன் இறந்துபோனால் அவன் பூமியில் மகளுக்குப் பங்கு உண்டா, இல்லையா? இதற்கு மூவாயிரம் ஆண்டுப் பாரம்பரியம் உள்ள யூதர்களின் வேதச் சட்டம் என்ன பதில் சொன்னது? நம் நாட்டு சாஸ்திரங்கள் என்ன சொல்லின? இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

இந்தக் கேள்வி எங்கோ பாலஸ்தீனத்துக் கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். நம் வட்டாரத்தில் ஒரு காலத்தில் சோளமும் பருத்தியும் விளைந்த காடுகள் இன்று சென்ட் கணக்கில் விலை போகின்றன. காட்டை விற்க வேண்டும் என்றதும் கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் போன் வருகிறது. "அம்மிணி, நாளைக்கு ரிஜிஸ்தர் ஆபீஸ் வரைக்கும் வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ." எதில் கையெழுத்து, எதற்காகக் கையெழுத்து என்று அவள் கேட்பதில்லை. கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்ற பயம். அந்தக் காகிதத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். யாருக்கு விடுதலை? பங்கு கொடுக்க வேண்டியவனுக்கு விடுதலை!

யாருடைய பக்தியையும் புண்படுத்துவது என் நோக்கமல்ல. தேவாலயம் போகிற தோழர்களும், மசூதி போகிற தோழர்களும், கோயிலில் தீர்த்தம் எடுக்கிற தோழர்களும் இங்கே இருக்கிறீர்கள். சாமி கும்பிடுவது வேறு. சாமி பெயரைச் சொல்லிச் சொத்தைப் பங்கு போடுவது வேறு. நான் பேசப் போவது இரண்டாவதைப் பற்றி.

ஐந்து சகோதரிகள்

பைபிளின் பழைய ஏற்பாட்டில் எண்ணாகமம் என்று ஒரு புத்தகம் இருக்கிறது. எகிப்து ராஜாவிடம் செங்கல் அறுத்துக் கொண்டிருந்த இஸ்ரவேல் ஜனங்கள் அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். 40 ஆண்டுகள் வனாந்தரத்தில் அலைகிறார்கள். கடைசியில் கானான் தேசத்து எல்லைக்கு வந்து சேருகிறார்கள். அங்கே நிலத்தைப் பங்கிட வேண்டும். அதற்காக ஜனத்தொகை எடுக்கிறார்கள். 20 வயதுக்கு மேற்பட்ட ஆண்களைத்தான் எண்ணுகிறார்கள். கணக்கில் வந்த பெயர்களின்படி நிலம். பெண்ணுக்குக் கணக்கில் பெயரும் இல்லை, காணியும் இல்லை.

அந்த நேரத்தில் ஐந்து சகோதரிகள் முன்னே வருகிறார்கள். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்பது அவர்கள் பெயர். தகப்பன் செலோப்பியாத் வனாந்தரத்திலேயே இறந்துவிட்டான். ஆண் பிள்ளை கிடையாது. இந்தப் பெண்கள் கூடாரத்து வாசலில் மோசேக்கு முன்னாலும், ஆசாரியனுக்கு முன்னாலும், பிரபுக்களுக்கு முன்னாலும், முழுச் சபைக்கு முன்னாலும் நின்று வழக்குரைக்கிறார்கள். மகன் இல்லை என்பதற்காக எங்கள் தகப்பன் பெயர் அழிந்து போகலாமா, அவருடைய சகோதரர்களோடு எங்களுக்கும் நிலம் கொடுங்கள் என்பது அவர்கள் வாதம்.

மோசேயிடம் பதில் இல்லை. கடவுளிடம் கேட்டு வருகிறார். அந்தப் பெண்கள் சொல்வது நியாயம் என்று தீர்ப்பு வருகிறது. அன்று முதல் வாரிசு வரிசை ஒன்று ஏற்படுகிறது. முதலில் மகன். மகன் இல்லாவிட்டால் மகள். மகளும் இல்லாவிட்டால் சகோதரன். பிறகு தகப்பனுடைய சகோதரன். அதற்கும் பிறகு நெருங்கிய உறவுக்காரன். இந்த வரிசையை இன்னொரு முறை மனதில் ஓட்டிப் பாருங்கள். இறந்தவனுடைய மனைவி எங்கே? அந்த வரிசையில் அவளுக்கு இடமே இல்லை.

கதை இங்கே முடியவில்லை. அதே புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில், 36ஆம் அதிகாரத்தில், அந்தக் குலத்தின் தலைவர்கள் மோசேயிடம் வருகிறார்கள். இந்தப் பெண்கள் வேறு கோத்திரத்தில் கல்யாணம் செய்துகொண்டால் எங்கள் பூமி அந்தக் கோத்திரத்துக்குப் போய்விடுமே என்று முறையிடுகிறார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம் என்று மறுபடி ஒரு தீர்ப்பு! நிலம் பெற்ற பெண் தன் தகப்பனுடைய கோத்திரத்துக்குள்தான் கல்யாணம் செய்ய வேண்டும். ஐந்து பேரும் தங்கள் பெரியப்பன், சித்தப்பன் மக்களைக் கட்டிக் கொண்டார்கள் என்று கதை முடிகிறது. நிலம் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. சொத்து வெளியே போகக் கூடாது என்று மாமன் மகனுக்கும் அத்தை மகனுக்கும் கட்டிவைக்கும் ஊர்க்காரர்களான நமக்கு இந்தக் கணக்கு புரியாதா?

இன்னொரு தகவல். சமாரியா நகரத்தில் 1910இல் மண்ணைத் தோண்டியபோது எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. எண்ணெயும் திராட்சை ரசமும் எந்தெந்தப் பகுதியிலிருந்து வந்தன என்ற குறிப்புகள் அவை; கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றில் நோவாள், ஒக்லாள் என்ற பெயர்கள் நிலப்பகுதிகளின் பெயர்களாக வருகின்றன. பெண்களின் பெயரில் பூமி இருந்தது பானை ஓட்டில் பதிவாகியிருக்கிறது.

இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். கடவுள் கொடுத்தது, மாறாதது என்று சொல்லப்பட்ட சட்டம், ஒரே புத்தகத்துக்குள் இரண்டு முறை திருத்தப்பட்டது. பெண்கள் சபையில் நின்று கேட்டபோது ஒரு முறை. நிலமுள்ள தலைவர்கள் வந்து கேட்டபோது இன்னொரு முறை. கேட்டவர்களுக்காகச் சட்டம் மாறியது. கேட்காதவர்களுக்காக எந்தக் காலத்திலும் மாறியதில்லை.

ஐம்பதும் முப்பதும்

அந்தச் சட்டத்தில் பெண்ணுக்கு வேறென்ன நிலை? லேவியராகமம் என்ற புத்தகத்தின் 27ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஓர் ஆளைக் கடவுளுக்கு நேர்ந்துகொண்டால் அவனுக்குப் பதிலாக எவ்வளவு வெள்ளி கட்ட வேண்டும் என்று ஒரு விலைப் பட்டியல் இருக்கிறது. 20 வயது முதல் 60 வயது வரை ஆணுக்கு 50 சேக்கல், பெண்ணுக்கு 30 சேக்கல். 5 முதல் 20 வயது வரை பையனுக்கு 20, பெண்ணுக்கு 10. ஒரு மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைக்குக்கூட ஆணுக்கு 5, பெண்ணுக்கு 3.

பச்சைக் குழந்தை ஆணானால் என்ன, பெண்ணானால் என்ன, இரண்டும் என்ன வேலை செய்துவிட்டது? இருந்தும் விலை குறைவு. ஆண் 100 என்றால் பெண் 60. இந்த விகிதத்தை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம் அல்லவா? பனியன் கம்பெனிகளில் செக்கிங், பிசிறு வெட்டுதல், கைமடி என்று பெண்கள் செய்யும் வேலைக்கெல்லாம் "லேசான வேலை" என்று பெயர் வைத்துக் கூலியைக் குறைக்கிறார்களே, அந்தக் கணக்கின் பூர்வீகம் மிகப் பழையது.

பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டு எத்தனை நாள்? ஆண் பிறந்தால் 7 நாளும் 33 நாளும் சேர்ந்து 40. பெண் பிறந்தால் 14 நாளும் 66 நாளும் சேர்ந்து 80. பெண்ணைப் பெற்றவள் இரட்டிப்புத் தீட்டு. விவாகரத்துப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் அதிகாரம் உபாகமத்தின்படி புருஷனுக்கே. நிச்சயமாகாத கன்னியை ஒருவன் பலாத்காரம் செய்தால் அவள் தகப்பனுக்கு 50 வெள்ளி கொடுத்துவிட்டு அவளையே கட்டிக்கொள்ள வேண்டும். நஷ்ட ஈடு தகப்பனுக்கு! ஏனென்றால் அன்றைய கணக்கில் நஷ்டப்பட்டவன் அவன்தான்.

நியாயமாகப் பேச வேண்டும். அதே வேதத்தில் நல்ல ஏற்பாடுகளும் உண்டு. இரண்டாவது மனைவி வந்தாலும் முதல் பெண்ணின் சோற்றையும் துணியையும் குறைக்கக் கூடாது என்று யாத்திராகமம் கட்டளையிடுகிறது. அறுவடையில் மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது விதவைக்கும் அனாதைக்கும் பரதேசிக்கும் உரியது என்று உபாகமம் சொல்கிறது. தெபொராள் என்ற பெண் தேசத்துக்கே நியாயாதிபதியாக இருந்தாள். ஏழைக்கு இரக்கம் உண்டு. ஆனால் இரக்கம் வேறு, உரிமை வேறு. சிந்திய கதிரைப் பொறுக்கிக்கொள்ள விதவைக்கு அனுமதி உண்டு. கதிர் விளைந்த காட்டில் பங்கு கிடையாது.

ஏன் இப்படி? பெண்ணை வெறுக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதியதல்ல. மலைக்கிராமங்களில் குலம் குலமாக நிலம் வைத்துப் பயிர் செய்து, ஆடு மாடு மேய்த்துப் பிழைத்த சமுதாயம் அது. நிலம் ஆண் வழியில் இறங்க வேண்டும் என்றால், வாரிசு யார் பிள்ளை என்பது நிச்சயமாகத் தெரிய வேண்டும். அதற்காகப் பெண்ணைக் கட்டிக் காக்க வேண்டும். எங்கெல்ஸ் 1884இல் வெளியிட்ட குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் பற்றிய நூலில் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்துக் காட்டினார். சொத்து ஆண் கைக்குப் போனபோது பெண்ணும் சொத்தோடு சேர்ந்து போனாள்.

நிலைமை வேறாக இருந்த இடத்தில் நடைமுறையும் வேறாக இருந்தது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்து தேசத்து எலிபன்டைன் தீவில் யூதச் சிப்பாய்களின் குடியிருப்பு ஒன்று இருந்தது. அங்கே பாப்பிரஸ் தாளில் எழுதிய பத்திரங்கள் கிடைத்திருக்கின்றன. மிப்தாகியா என்ற யூதப் பெண்ணுக்கு அவள் தகப்பன் வீட்டைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறான். கணவனைப் போலவே மனைவியும் விலகிக்கொள்ளலாம் என்று அங்கே கல்யாண ஒப்பந்தங்களில் எழுதியிருக்கிறார்கள். கும்பிட்டது அதே கடவுளைத்தான். பெண்ணின் நிலைதான் வேறு. ஆகவே மதம் ஒன்றாக இருந்தாலும் சட்டம் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மனிதர்களால் வகுக்கப்படுகிறது.

கொச்சியும் திருவிதாங்கூரும்

மோசேயின் சட்டத்தைக் கைக்கொண்டவர்கள் நமக்குத் தூரத்து மனிதர்களல்ல. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கொச்சி. அங்கே பல நூற்றாண்டுகளாக யூதர்கள் வாழ்ந்தார்கள். 1568இல் கட்டிய பரதேசி ஜெபாலயம் இன்றும் நிற்கிறது. பெண்களுக்கு அங்கே மாடியில் தனி இடம். ஆனாலும் அந்தப் பெண்கள் மலையாளத்தில் தங்கள் பாட்டுகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்து, தலைமுறை தலைமுறையாகக் கல்யாண வீடுகளில் பாடி வந்தார்கள். 1948க்குப் பிறகு பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

அந்தப் பழைய ஏற்பாட்டையே தங்கள் வேதத்தின் பாகமாகப் படிக்கும் கிறிஸ்தவர்களின் கதை பக்கத்துத் திருவிதாங்கூரில் நடந்தது. 1916இல் அந்த சமஸ்தானத்தில் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் ஒன்று வந்தது. அதன்படி மகனுக்குக் கிடைக்கும் பங்கில் நாலில் ஒன்று, அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. ஸ்திரீதனம் கொடுத்தாகிவிட்டால், கொடுப்பதாக வாக்குச் சொல்லியிருந்தால்கூட, அதுவும் இல்லை. விதவைக்கு ஆயுள் உரிமை மட்டும். மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதி. ஆகவே தமிழ்ப் பெண்களும் இந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்களே.

கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் என்ற ஆசிரியை இதை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனார். கணவனை விட்டுப் பிரிந்து வந்த அவர், இரண்டு குழந்தைகளோடு ஊட்டியில் தகப்பனுக்கு இருந்த வீட்டில் தங்கியிருந்தார். மகளுக்கு உரிமை இல்லை, காலி செய் என்று நெருக்கடி வந்தது. 1986 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பு வந்தது. 1951 முதலே திருவிதாங்கூர்ச் சட்டம் செல்லாது, 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுச் சட்டம்தான் பொருந்தும், மகனும் மகளும் சமம் என்றது கோர்ட்டு. எத்தனை ஆயிரம் குடும்பங்களின் பாகப் பிரிவினை ஆட்டம் கண்டிருக்கும், யோசித்துப் பாருங்கள்! அத்தனைக்கும் காரணம் ஒரு பெண் வாயைத் திறந்து கேட்டதுதான். மேரி ராய் 2022இல் காலமானார். கூடாரத்து வாசலில் நின்ற அந்த ஐந்து பேருக்கு அவர் ஆறாவது சகோதரி.

முஸ்லிம் சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 7ஆம் நூற்றாண்டிலேயே மகன் இருந்தாலும் மகளுக்கு நிச்சயமான பங்கு என்று குர்ஆன் விதித்தது. அன்றைக்கு அது பெரிய முன்னேற்றம். ஆனால் மகனுக்கு இரண்டு என்றால் மகளுக்கு ஒன்று.

நம் வீட்டுக் கதை

அடுத்த வீட்டைப் பார்த்தது போதும், நம் வீட்டைப் பார்ப்போம். மனுதர்மம் என்ன சொல்கிறது? இளமையில் தகப்பன், பிறகு கணவன், முதுமையில் மகன், இவர்கள் காவலில் பெண் இருக்க வேண்டும் என்கிறது. கல்யாணமாகாத சகோதரிக்குச் சகோதரர்கள் தங்கள் பங்கில் நாலில் ஒன்று கொடுக்க வேண்டும் என்கிறது. மகன் இல்லாதவன் மகளையே மகன் ஸ்தானத்தில் நியமித்து, அவள் பிள்ளையை வாரிசாக்கிக் கொள்ளலாம் என்கிறது. செலோப்பியாத் வீட்டு ஏற்பாடும் இதுவும் எவ்வளவு நெருங்கிய சொந்தம் பாருங்கள்! ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து எழுதவில்லை. நிலம் ஆண் வழியில் இறங்கும் சமுதாயம் எங்கிருந்தாலும் ஒரே மாதிரிச் சட்டத்தைப் பெற்றெடுக்கிறது.

பிறகு மிதாட்சரம் வந்தது. பூர்வீகச் சொத்தில் மகன் பிறந்த உடனேயே பங்காளி. "பங்காளி" என்ற சொல்லையே நாம் ஆண்களுக்கு மட்டும் வைத்திருக்கிறோம், கவனித்தீர்களா? பங்கு உடையவன் பங்காளி. கூடப் பிறந்தவளுக்கு அந்தப் பெயர் கிடையாது.

இதை எதிர்த்துக் கேட்டவர்கள் உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் பெரியார் கூட்டிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்ணுக்கு ஆணைப் போலவே சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1937இல் விதவைக்கு மகனுக்குச் சமமான பங்கு கொடுக்கும் சட்டம் வந்தது. ஆனால் அவள் ஆயுள் வரை அனுபவிக்க மட்டும்தான். சுதந்திரத்துக்குப் பிறகு டாக்டர் அம்பேத்கர் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைக் கொண்டுவந்தார். சனாதனிகள் கொதித்தெழுந்தார்கள். மசோதா முடங்கியது. அதை முக்கியமான காரணங்களில் ஒன்றாகச் சொல்லி, 1951 செப்டம்பரில் அவர் மந்திரி பதவியைத் தூக்கி எறிந்தார்.

1956இல் இந்து வாரிசுச் சட்டம் வந்தது. தகப்பன் சுயமாகச் சம்பாதித்த சொத்தில், அவன் உயில் எழுதாமல் இறந்தால், மகன், மகள், மனைவி, தாய் எல்லாருக்கும் சம பங்கு. பெரிய வெற்றி! ஆனால் பூர்வீகச் சொத்தில் மகள் பங்காளி ஆகவில்லை. குடியிருக்கும் வீட்டைப் பாகம் கேட்கவும் அவளுக்கு உரிமையில்லை. ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடிவு செய்யும் வரை காத்திருக்க வேண்டும்.

1989 மார்ச் 25 முதல், கலைஞர் கருணாநிதி ஆட்சியில், தமிழ்நாட்டுத் திருத்தம் அமலுக்கு வந்தது. பூர்வீகச் சொத்திலும் மகள் பிறப்பால் பங்குதாரர். ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவளுக்கு இல்லை. தாலி ஏறிய தேதியை வைத்து ஒரே வீட்டில் தங்கைக்குப் பங்கு உண்டு, அக்காவுக்கு இல்லை என்று ஆயிற்று. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுதும் அமலான திருத்தம் அந்தக் கோட்டை அழித்தது. கல்யாணமானாலும் ஆகாவிட்டாலும் மகள் மகனைப் போலவே பங்குதாரர். வீட்டைப் பாகம் கேட்க இருந்த தடையும் போயிற்று. திருத்தம் வந்த நாளில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்சநீதிமன்றம் தீர்த்தது. அவசியமில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்றது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி ரிஜிஸ்தர் ஆன, அல்லது கோர்ட்டு டிக்ரி ஆன பாகப் பிரிவினைகள் மட்டும் அப்படியே நிற்கும்.

செலோப்பியாத் வழக்கு, தமிழ்நாட்டில்

இப்போது ஒரு வழக்கைச் சொல்கிறேன். தமிழ்நாட்டுக் கவுண்டர் குடும்பம் ஒன்றின் வழக்கு. ஒருவர் 1938இல் கோர்ட்டு ஏலத்தில் தன் சொந்தப் பணத்தில் சொத்து வாங்குகிறார். 1949இல் இறந்துபோகிறார். மகன் இல்லை. ஒரே மகள். சொத்து அந்த மகளுக்கா, அல்லது இறந்தவருடைய தம்பி மகனுக்கா?

மோசேயிடம் வந்த வழக்கு இதேதான்! நம் கோர்ட்டுகள் என்ன செய்தன? கீழ்க் கோர்ட்டு 1994இல் தம்பி மகனுக்கே என்றது. உயர்நீதிமன்றம் 2009இல் அதையே உறுதி செய்தது. 2022 ஜனவரி 20 அன்றுதான் உச்சநீதிமன்றம் திருத்தியது. 1956க்கு முன்பும்கூட, மகன் இல்லாதவனுடைய சுயார்ஜிதச் சொத்து மகளுக்கே போகும் என்று பழைய சாஸ்திர நூல்களையும் பழைய தீர்ப்புகளையும் புரட்டிக் காட்டித் தீர்ப்பளித்தது. அந்த மகள் 1967இல் பிள்ளை இல்லாமல் இறந்ததால், சொத்து அவள் தகப்பனின் வாரிசுகளுக்குப் போகிறது. அதாவது தம்பியின் ஒரு மகனுக்கும் நான்கு மகள்களுக்கும், ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. கேஸ் போட்டது அந்த நான்கு மகள்களில் ஒருத்தி. கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்பிலிருந்து கடைசித் தீர்ப்பு வரை 28 ஆண்டு. கூடாரத்து வாசலில் ஒரே நாளில் கிடைத்த நியாயம், நமக்குக் கிடைக்க அவ்வளவு காலம் ஆயிற்று.

இன்னும் பாக்கி இருக்கிறது

எல்லாம் கிடைத்துவிட்டது என்று எண்ணாதீர்கள். இந்து வாரிசுச் சட்டத்தின் 15ஆவது பிரிவைக் கேளுங்கள். ஓர் இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் சம்பாதித்தது முதலில் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும். அவர்கள் இல்லாவிட்டால் யாருக்கு? பெற்ற தாய்க்கா? இல்லை. கணவனுடைய வாரிசுகளுக்கு! அவர்களும் இல்லாவிட்டால்தான் தாய் தகப்பனுக்கு.

2009இல் உச்சநீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கு. கல்யாணமாகி மூன்று மாதத்தில் கணவன் இறந்தான். அவளைப் புருஷன் வீட்டார் துரத்தினார்கள். பிறந்த வீட்டார் படிக்க வைத்தார்கள். வேலைக்குப் போனாள், சம்பாதித்தாள், சேமித்தாள், இறந்தாள். அந்தப் பணத்தைத் தாய் கேட்டாள். சட்டம் அதைப் புருஷனுடைய அக்காள் தங்கை பிள்ளைகளுக்குக் கொடுத்தது. துரத்திய வீட்டுக்கே துரத்தப்பட்டவளின் சம்பாத்தியம்!

மிஷினில் குனிந்து குனிந்து முதுகு ஒடியச் சேர்த்த உங்கள் பி.எப். பணத்தையும் பாங்குச் சேமிப்பையும் நினைத்துப் பாருங்கள். நாமினி பெயர் போட்டுவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பல இனங்களில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்தான். வாரிசு யார் என்பதைத் தீர்மானிப்பது சட்டம் அல்லது உயில். பெண்ணைச் சொத்து நடந்துபோகும் வரப்பாக நினைத்த அந்தக் குலத்தலைவர்களின் புத்தி, நம் சட்டப் புத்தகத்தில் இன்னும் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. இதை மாற்றும் வரை குரல் கொடுக்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு பெண்ணும் தன் சொந்தச் சம்பாத்தியத்துக்கு உயில் எழுதி வைப்பது புத்திசாலித்தனம்.

"பூமியே இல்லாதவர்களுக்கு இந்தப் பேச்சு எதற்கு?" என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மதுரையிலிருந்தும் திருவாரூரிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கும் தொழிலாளிக்குக் காடும் இல்லை, தோட்டமும் இல்லை. ஆனால் ஊரில் இரண்டு சென்ட் பட்டா இருக்கிறதா? ஓட்டு வீடு இருக்கிறதா? அதுவும் சொத்துதான். அது மட்டுமல்ல. வீட்டில் பெண்ணுக்குப் பங்கில்லை என்று பழக்கிவிட்டால், கம்பெனியில் அவளுக்குக் குறைந்த கூலி என்பது இயற்கையாகத் தோன்றிவிடுகிறது. சம வேலைக்குச் சம கூலி என்று 1976இல் சட்டம் வந்தும், 50-30 கணக்கு முதலாளியின் பேரேட்டில் நீடிப்பது அதனால்தான். வீட்டில் அண்ணன் செய்வதைக் கம்பெனியில் முதலாளி செய்கிறான். ஒன்றை ஒப்புக்கொண்டு மற்றதை எதிர்க்க முடியாது.

அண்ணன் தம்பிகளுக்கு

இங்கே இருக்கும் ஆண் தோழர்களுக்குச் சொல்கிறேன். "கல்யாணத்துக்கு நகை போட்டோமே, சீர் செய்தோமே, அதுவே பங்கு" என்பீர்கள். திருவிதாங்கூர்ச் சட்டமும் அதைத்தான் சொன்னது. சட்டப்படி சீர் வேறு, பங்கு வேறு. போட்ட நகை பல வீடுகளில் புருஷன் வீட்டாரின் கடனுக்கு அடகுக் கடை போய்விட்டது. புருஷன் குடிகாரனாகி அவள் குழந்தையோடு நடுத்தெருவில் நின்றால், அவள் பெயரில் இருக்கும் ஒரு சென்ட் பூமிதான் அவளுக்குக் கூரை. பங்கைக் கொடுத்தால் உறவு போய்விடுமா? பங்கைக் கேட்ட உடனே முறிகிற உறவு, எதன் மேல் கட்டிய உறவு?

சகோதரிகளே, உங்களுக்கு நாலு விஷயம். படிக்காத, படித்துக் காட்டாத எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். ரிஜிஸ்தர் ஆன விடுதலைப் பத்திரத்தைப் பிறகு ரத்து செய்ய வைப்பது குதிரைக் கொம்பு. விட்டுக் கொடுக்க மனமிருந்தால் கொடுங்கள், அது உங்கள் இஷ்டம். என்ன கொடுக்கிறோம், அதன் மதிப்பு என்ன என்று தெரிந்து கொடுங்கள். தகப்பன் இறந்தால் வாரிசுச் சான்றில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வக்கீலுக்குக் காசில்லையே என்று பயப்படாதீர்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, கோர்ட்டு வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த ஐந்து சகோதரிகளும் தனித்தனியாக ஒவ்வொரு பெரியவர் வீட்டு வாசலிலும் நின்று அழுதிருந்தால், ஒவ்வொருவருக்கும் ஒரு சேலையும் இரண்டு மரக்கால் தானியமும் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். ஐந்து பேரும் சேர்ந்து வந்தார்கள், சபை நடுவே நின்றார்கள், எல்லார் காதும் கேட்கப் பேசினார்கள். அதனால் வேதமே வளைந்து கொடுத்தது. ஆகவே உங்கள் தெருவில் ஒரு பெண்ணைப் பத்திர ஆபீசுக்கு அழைத்துப் போகிறார்கள் என்று தெரிந்தால், அவளைத் தனியாக அனுப்பாதீர்கள். படிக்கத் தெரிந்த இரண்டு பேர் கூடப் போங்கள். அந்தக் காகிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று அவள் முடிவு செய்யட்டும்.